அண்ணனும் தம்பியும் ஒரு டிவிஎஸ் 50ம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒரு குறுங்கதை கையில் இருக்கிறது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அண்ணனும் தம்பியும் திண்ணையில் உட்கார்ந்து அவருடைய டிவிஎஸ் 50 யாருக்கு என்று பேசுகிறார்கள். அவ்வளவுதான். ஒரு பக்கம் தாண்டாது. அந்த ஒரு பக்கத்தில் மேற்கோள்குறிகள் கொசு மாதிரி மொய்க்கின்றன. மொத்தத்தையும் அழித்துவிட்டுப் பார்த்தேன்.

சாவி எங்கடா. ஆணியிலதான் தொங்குது. நீ எடுத்துக்கறியா. எனக்கெதுக்குண்ணே, காரு இருக்குல்ல. அப்ப நான் எடுத்துக்கவா. அப்பா வண்டிண்ணே அது.

யார் எதைச் சொன்னது என்று தெரிகிறது. இருவருக்கும் என்றான் தான் வரும் என்பதால் அந்த என்றானால் இங்கே பயனில்லை. டாவும் ண்ணேயும்தான் ஆளைக் காட்டுகின்றன. கேள்விக்குறியையும் எடுத்துவிட்டேன். எடுத்துக்கறியா என்று முடித்தாலே கேட்டாயிற்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போர்த்துகல் நாவலாசிரியர் ஜோசே சரமாகோவின் வழி நமக்கு உதவாது. அவர் மேற்கோள்குறி போடமாட்டார். ஒருவர் பேசி முடித்ததும் காற்புள்ளி, அடுத்தவர் பேச்சு பெரிய எழுத்தில் தொடங்கும். நம் எழுத்தில் பெரியது, சின்னது ஏது? வெறும் காற்புள்ளியோடு விட்டால் எல்லாம் ஒரே குழம்பாகிவிடும்.

ஆனால் சரமாகோவுக்கு இல்லாத வசதி ஒன்று நமக்கு உண்டு. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான், சாவி எங்கடா. எழுந்தான் வரை எழுத்துத் தமிழ், அதற்குப் பிறகு வாய்த் தமிழ். வேலி தானாக விழுந்துவிட்டது. கதைசொல்லியும் வட்டார வழக்கிலேயே பேசினால் இந்த வேலி கிடையாது, வேறு ஏதாவது பார்க்க வேண்டும்.

குறி போட முடியாத இடங்களும் இருக்கின்றன. வர்றியான்னு கேட்டான். குறியை எங்கே மூடுவது? யாவுக்குப் பின்னால் மூடினால் ன்னு அறுந்த வால் போல வெளியே நிற்கிறது. அச்சில் பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தும்.

ஆகஸ்ட் 6, புதன்

கதையில் தாய்மாமாவுக்கு ஒரு போன் போகிறது. அதை ஒரே வரியில் அடக்கினேன்: மாமா வரமாட்டாராம், நம்மளே பேசி முடிச்சுக்கணுமாம். போனில் நடந்த பேச்சு முழுதும் அந்த இரண்டு ஆமில் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ராத்திரி கலித்தொகையை எடுத்தேன். 51ஆம் பாட்டு, கபிலருடையது. சுடர்த்தொடீஇ கேளாய் என்று தொடங்கும். மொத்தம் 16 அடி, முழுக்கத் தலைவி தன் தோழியிடம் சொல்வது. அதற்குள் தலைவன் வந்து தண்ணீர் கேட்கிறான், அம்மா கொடுக்கச் சொல்கிறாள், இவள் இரண்டு முறை வாய் திறக்கிறாள். ஓலைக் காலத்தில் மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காமல் எழுதினார்கள், மேற்கோள்குறிக்கு எங்கே போவது? இன்றைய பதிப்புகள் பலவற்றில் போட்டிருக்கிறார்கள். அவை இல்லை என்று வைத்துக்கொண்டு படித்தேன், ஒன்றும் கெடவில்லை.

இல்லிரே என்று கூப்பிட்டதுமே வெளியாள் ஒருவன் வாசலில் நிற்கிறான். சுடரிழாய் என்றால் அம்மா மகளை. அன்னாய் என்றால் மகள் அம்மாவை. விளியில் பேச்சு திறக்கிறது. என, என்றாள், என்றேனா என்று மூடிக்கொள்கிறது.

ஒரே ஓர் இடத்தில் விளி இல்லை. அவன் கையைப் பிடித்ததும் அன்னாய் இவனொருவன் செய்ததுகாண் என்று கத்துகிறாள். அம்மா அலறிக்கொண்டு வந்ததும் உண்ணுநீர் விக்கினான் என்று மழுப்புகிறாள். உண்மைக்கு அன்னாய் இருக்கிறது, பொய்க்கு இல்லை. அம்மா பக்கத்தில் வந்துவிட்டாள், கூப்பிட வேண்டியதில்லை என்று காரணம் சொல்லலாம். எனக்கென்னவோ பொய் சொல்லும் வாய்க்கு அம்மா என்று கூப்பிட வரவில்லை என்றுதான் படுகிறது.

என் கதைக்குத் திரும்பி நாலாவது பேச்சில் ண்ணேயை எடுத்தேன். எனக்கெதுக்கு, காரு இருக்குல்ல. தம்பிக்கு வண்டி வேண்டும். அங்கே அவன் பொய் சொல்கிறான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கதையைத் தம்பியே சொல்வதாக மாற்றிப் பார்த்தேன். உடனே ஒரு வரி முறுக்கிக்கொண்டது. அண்ணன் நான் அந்த வண்டியைத் தொட்டதே இல்லை என்றான். யார் தொட்டதில்லை? அண்ணன் தன்னைச் சொல்லிக்கொள்கிறானா, கதை சொல்லும் தம்பியைக் குத்துகிறானா? குறி போட்டால் அண்ணன்தான். போடாவிட்டால் இரண்டு பேரும். நானைத் தான் என்று மாற்றினால் சிக்கல் தீரும், கூடவே கதையும் தீர்ந்துவிடும். அப்படியே விட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தமிழாசிரியையாக இருக்கும் தோழிக்கு அனுப்பியிருந்தேன். அண்ணன் தம்பியைக் குத்திக்காட்டுகிறான் என்கிறாள். அவள் வீட்டுக்காரர் படித்துவிட்டு, இல்லை, அண்ணன் அழுகிறான் என்றாராம். சாப்பிடும்போதும் அதே பேச்சாம்.

ஆனால் ண்ணேயை எடுத்த இடத்தில் தடுக்கி, மேலே போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்ததாகவும் சொன்னாள். இது நல்லதல்ல. நாவலென்றால் இருபது பக்கத்தில் வாசகர் பழகிவிடுவார். ஒரு பக்கக் கதையில் பழக்க நேரமில்லை, திரும்பிப் போய் எண்ண வைத்தால் கதை அங்கேயே நின்றுவிடும். ண்ணேயைத் திரும்பக் கொடுக்க மனமில்லை. அந்தப் பேச்சுக்கு முன்னால் நான் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன் என்று தம்பி சொல்வதாக ஒரு வரி போட்டேன். ஆள் யார் என்று அது சொல்லிவிடும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கதையை அனுப்பியாயிற்று. குறிகள் வேண்டுமென்றே விடப்பட்டவை, தயவுசெய்து போட்டுவிடாதீர்கள் என்று மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்.

அடுத்ததில் அடுக்களை, மூன்று பெண்கள். மூவருக்கும் என்றாள் தான். மாமியாருக்கு மட்டும் என்றார் போட்டால் ஒருத்தி பிரிந்துவிடுவாள். மீதி இரண்டு ஓரகத்திகளும் ஒருவரையொருவர் அக்கா, தங்கச்சி என்று கூப்பிடாத அளவுக்குப் பகை. விளிக்கு என்ன செய்வதென்று பார்க்க வேண்டும்.