ஏழு கன்றுகளில் இரண்டு: பெரியவர் பெயரிலான உதவித்தொகைக்கு இரண்டு முறை விண்ணப்பித்த அனுபவம்

முதல் ஆண்டு நான் அனுப்பிய கட்டுரை எழுநூறு சொற்கள். அதில் நானூற்றுக்கும் மேல் வங்காரி மாத்தாயைப் பற்றியவை. 1940-இல் கென்யாவில் பிறந்தார், 1977-இல் மரம் நடும் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார், 2004-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர்தான் என்று வரிசையாக எழுதியிருந்தேன். ஒரு தகவலும் தவறில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் பெயரில் உதவித்தொகை வைத்திருப்பவர்களிடமே போய் அவர் யார் என்று விளக்கம் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆயிற்று.

மறு ஆண்டு அதே கல்லூரி, அதே உதவித்தொகை. கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் என் மதிப்பெண் கூடவில்லை, புதிய சான்றிதழ் எதுவும் சேரவில்லை. மாறியது என்ன என்று பலரும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

முதலில் கல்லூரியைப் பற்றி. மொத்த மாணவர்களே நூறைத் தாண்டாத இடம். வகுப்பும் நூலகமும் பாதிப் படிப்புதான். தோட்டவேலை, சமையலறை முறை, கூடத்தைப் பெருக்குவது எல்லாமே மீதிப் பாதி. இந்த வகைக் கல்லூரிகள் உலகில் அங்கங்கே இருக்கின்றன. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், டார்ட்டிங்டனில் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஷூமாக்கர் கல்லூரி இவற்றில் பெயர்பெற்றது. பொருளியலாளர் ஈ. எஃப். ஷூமாக்கரின் பெயரையே அது தாங்கியது. அதற்கு இடமளித்த டார்ட்டிங்டன் பண்ணைக்கு இன்னும் பழைய கதை உண்டு: தாகூருடன் ஸ்ரீநிகேதனில் கிராமப் புனரமைப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய லியனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், மனைவி டோரத்தியோடு சேர்ந்து 1925-இல் வாங்கிய இடம் அது. நான் படித்த கல்லூரி அதுவல்ல. ஆனால் அதே குடும்பத்துச் சாயல் உள்ளது.

இத்தகைய கல்லூரியில் விண்ணப்பத்தைப் படிப்பவர் யார் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தில் உங்கள் தாள் ஆயிரத்தில் ஒன்று; படித்தவர் உங்களைப் பிறகு பார்க்கவே மாட்டார். இங்கே படிப்பவர் அடுத்த ஆண்டு உங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறவர். அவர் கெட்டிக்காரரைத் தேடுவதைவிட, கூட இருக்கத் தகுந்தவரைத் தேடுகிறார். இது எனக்கு முதல் ஆண்டு தெரியாது.

அடுத்தது பணம் எங்கிருந்து வருகிறது என்பது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் சொல்ல வேண்டியது. பெயர் தாங்கிய உதவித்தொகைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வைப்பு நிதி இருக்கும். யாரோ ஒரு கொடையாளரோ, மறைந்தவரின் குடும்பமோ, பழைய மாணவர்கள் சேர்ந்தோ ஒரு தொகையைக் கொடுத்திருப்பார்கள். முதலைத் தொடமாட்டார்கள், ஆண்டுக்கு அதில் நான்கு அல்லது ஐந்து விழுக்காடு அளவுக்கு மட்டும் எடுத்துச் செலவிடுவது பரவலான வழக்கம். ஆகவே நூறு பங்கு வைத்த இடத்தில் உங்கள் கைக்கு வருவது நான்கைந்து பங்கு. உதவித்தொகை ஏன் பாதிக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது, சில ஆண்டு ஏன் அறிவிப்பே வருவதில்லை என்பதற்கெல்லாம் விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. கொடுத்தவர் போட்ட நிபந்தனையும் கூடவே வரும். சூழலியல் படிப்பவருக்கு மட்டும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவருக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், தேர்வுக்குழு நினைத்தாலும் மீற முடியாது. எங்கள் கல்லூரியில் அந்த ஆண்டு நான்கு பெயர்களில் உதவித்தொகை இருந்தது. நிபந்தனையைப் படித்தபோதே இரண்டு எனக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. முதல் ஆண்டு நான்குக்கும் போட்டிருந்தேன். வீண் வேலை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாப் பெயரும் ஒரே வகையல்ல. தன் சொத்தைத் தானே எழுதிவைத்தவரின் பெயர் உண்டு. சிசில் ரோட்ஸ் 1902-இல் இறந்தபோது உயிலில் விட்டுச்சென்ற ரோட்ஸ் உதவித்தொகை அப்படி. சட்டம் கொண்டுவந்தவரின் பெயர் உண்டு. 1946-இல் அமெரிக்க செனட்டர் ஃபுல்பிரைட்டின் முயற்சியில் வந்தது அப்படி. மாத்தாய் பெயரிலானது மூன்றாம் வகை, மரியாதைக்காக வைத்தது. வேறுபாடு விண்ணப்பத்தில் தெரிய வேண்டும். ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் காலனியாதிக்கத்தை விரித்தவர் என்பதால் ரோட்ஸ் பெயர் கசப்பான பெயரும் கூட. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் அவர் சிலையை 2015-இல் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு அகற்றினார்கள். அதே பெயரோடு தன் பெயரைச் சேர்த்து நெல்சன் மண்டேலா 2002-இல் ஓர் அறக்கட்டளை அமைக்க ஒப்புக்கொண்டார். பெயருக்கு உரியவரோடு உங்களுக்கு முரண்பாடு இருந்தால் அதை மறைக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் முரண்பாட்டைச் சொல்ல அவரை ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும்.

படிப்பது என்றால் எதை? விருதுப் பட்டியலை அல்ல. நிராகரிப்புக்குப் பிறகு மாத்தாயின் தன்வரலாற்றை நூலகத்திலிருந்து எடுத்துவந்தேன். பேருந்தில் நின்றபடிதான் பெரும்பகுதியைப் படித்தேன். 1960-இல் அவரே உதவித்தொகையில் அமெரிக்கா போனவர், கான்சஸ் மாநிலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சிறிய பெண்கள் கல்லூரியில் உயிரியல் படித்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் பெயரில் ஒரு சிறிய கல்லூரி உதவித்தொகை தருவதன் பொருத்தம் இதில்தான் இருக்கிறது. என் முதல் கட்டுரையில் அது ஒரு வரியும் இல்லை.

என்னை நிறுத்திய இடம் வேறு. 1977 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். நைரோபியின் கமுகுஞ்சி பூங்காவுக்கு ஊர்வலமாகப் போய் ஏழு கன்றுகளை நட்டார்கள். ஒவ்வொன்றும் மக்கள் மதித்த ஒரு தலைவரின் நினைவாக. அந்த ஏழில் இரண்டுதான் பிழைத்தன. பின்னாளில் கோடிக்கணக்கான மரங்களை நட்ட இயக்கத்தின் தொடக்கம் இது. பெரியவர்கள் பெயரால் நட்ட கன்றுகள்கூட தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டால் கருகிவிடும். அதனால்தானோ என்னவோ, இயக்கம் வளர்ந்தபோது நட்டதற்குக் காசு கொடுக்கவில்லை. கன்று உயிர்பிடித்த பிறகே பெண்களுக்குச் சிறுதொகை தந்தார்கள்.

அதைப் படித்ததும் என் உரக்குழி நினைவுக்கு வந்தது. நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் சமையலறைக் கழிவை மக்கவைக்க ஒரு முயற்சி நடந்தது. நான்தான் ஆரம்பித்தேன். மூன்றாம் வாரம் நாற்றம், ஐந்தாம் வாரம் புழு, மூன்றாம் மாதம் குடியிருப்போர் சங்கம் மூடச் சொல்லிவிட்டது. காய்கறிக் கழிவு மட்டும் போய்க்கொண்டே இருந்தால் ஈரமும் தழைச்சத்தும் மிஞ்சிவிடும். காய்ந்த சருகு சேர்ந்து கரிமச்சத்தும் தழைச்சத்தும் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால்தான் நாறாமல் மக்கும். இது எனக்குப் பிறகு தெரிந்தது. முதல் கட்டுரையில் இந்தக் கதையை "குடியிருப்பில் கழிவு மேலாண்மைத் திட்டம் ஒன்றை முன்னெடுத்தேன்" என்று ஒரே வரியில் பூசி மெழுகியிருந்தேன். இரண்டாம் கட்டுரை அந்த ஒரு வரியை விரித்து எழுதியது, அவ்வளவுதான். மாத்தாய்க்கு அதில் ஏழெட்டு வரி கொடுத்தேன், அந்த இரண்டு கன்றுகளுக்காக.

பரிந்துரைக் கடிதத்திலும் இதே பாடம். முதல் ஆண்டு துறைத்தலைவரிடம் வாங்கினேன். "ஒழுக்கமும் உழைப்பும் உள்ளவர்" என்று எழுதினார். அவர் கையெழுத்திட்ட எல்லாக் கடிதமும் அதேதான் சொல்லியிருக்கும். சிறிய கல்லூரிகள் பல, ஒரு கடிதம் கல்வித் தொடர்பில்லாதவரிடமிருந்து இருக்கலாம் என்று அனுமதிக்கின்றன. இரண்டாம் ஆண்டு, குழியை மூடச் சொன்ன அதே சங்கச் செயலாளரிடம் போய்க் கேட்டேன். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நான்தானே சார் கம்ப்ளெயின்ட் கொடுத்தேன்?" என்றார். அதையே எழுதுங்கள் என்றேன். அவர் அரைப் பக்கம் எழுதினார். அதில் ஒரு வரி: "மூடச் சொன்ன மறுநாள் விடியற்காலை, யாரும் கேட்காமலே இவர் தனியாக வந்து முழுவதையும் அள்ளிச் சுத்தம் செய்தார்." நேர்காணலில் அவர்கள் கையில் அடிக்கோடிட்ட தாள் அதுதான். நான்கு வாரம் முன்னதாகக் கேளுங்கள், கட்டுரை வரைவையும் நிபந்தனைப் பக்கத்தையும் கொடுங்கள், கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை நினைவூட்டுங்கள். இதற்கு மேல் இதில் சூட்சுமம் இல்லை.

நேர்காணல் இணையவழி, நாற்பது நிமிடம். ஒரு பேராசிரியர், சேர்க்கை அலுவலர், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர். கடினமான கேள்விகள் மூன்றும் மாணவியிடமிருந்தே வந்தன. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். "கட்டுரை முழுக்க 'நாங்கள்' என்கிறீர்கள். அந்த நாங்கள் யார் யார்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கிவிட்டுப் பாதியில் நின்றேன். தினமும் வாளிகளை மாடி மாடியாக எடுத்துவந்து குழியில் கொட்டியவர் குடியிருப்பைப் பெருக்கும் அம்மா. முதல் வாரமே அவர், "ஈரம் தாங்காது, சருகு போடுங்கள்" என்று சொல்லியிருந்தார். சருகை அவரே தினமும் கூட்டி மதிலோரம் குவித்துவைத்தார். நாங்கள் இணையத்தில் காணொளி பார்த்துக்கொண்டிருந்தோம். இதை அப்படியே சொன்னேன். சொல்லும்போது காது சூடேறியது. வனத்துறைக்காரர்கள் கிராமத்துப் பெண்களுக்கு மரம் வளர்க்கத் தெரியாது என்றபோது அவர்களை "பட்டயம் இல்லாத வனவியலாளர்கள்" என்று அழைத்தவர் மாத்தாய். அந்தத் தொடர் என் கட்டுரையிலேயே இருந்தது. எழுதியபோது எனக்கு அது மேற்கோள் மட்டும்தான். மாணவி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். தோற்றுவிட்டேன் என்றே அன்று நினைத்தேன்.

சமையலறை முறையில் எந்த வேலை பிடிக்காது என்றும் கேட்டார்கள். பெரிய பாத்திரம் தேய்ப்பது என்றேன். எல்லாம் பிடிக்கும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

தேர்வான கடிதம் வந்ததும் கொண்டாடும் முன்பு அதை இரண்டு முறை படியுங்கள். எனக்குக் கிடைத்தது கல்விக் கட்டணத்தில் பாதி. தங்குமிடம், சாப்பாடு, பயணம், மருத்துவக் காப்பீடு எதுவும் அதில் சேரவில்லை. அவற்றைக் கூட்டிப் பார்த்தபோது மொத்தச் செலவில் உதவித்தொகையின் பங்கு கால்வாசிக்கும் கீழே இறங்கிவிட்டது. மீதிக்கு வேறோர் அறக்கட்டளையிடம் விண்ணப்பித்தேன். அங்கும் ஒரு பொறி உண்டு: வெளியிலிருந்து பணம் வந்தால் தாங்கள் தந்த சலுகையை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளும் கல்லூரிகள் இருக்கின்றன. எழுத்து மூலம் முன்கூட்டியே கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டும் தொடருமா, தொடர என்ன நிபந்தனை, ஒரு பருவம் விடுப்பு எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். வெளிநாட்டுக் கல்லூரியென்றால் விசாவுக்குக் காட்ட வேண்டிய கடிதத்தில் தொகையும் கல்வியாண்டும் தெளிவாக இருக்க வேண்டும். "தாராளமான உதவி" என்ற வாசகத்தை எந்தத் தூதரகமும் கணக்கில் எடுக்காது.

இன்னொரு கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுவார்கள். கல்லூரி பிழைத்திருக்குமா? சிறிய கல்லூரியின் அழகும் ஆபத்தும் ஒன்றேதான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1946-இல் தொடங்கிய மார்ல்பரோ கல்லூரி 2020-இல் மூடப்பட்டது. நான் மேலே சொன்ன ஷூமாக்கர் கல்லூரியிலும் 2024-இல் பட்டப்படிப்புகள் நிறுத்தப்பட்டன. அதனால் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானே போனேன். நடுவில் நின்றுபோனால் மாணவர்களை எங்கே மாற்றுவீர்கள், பட்டம் தருவது நீங்களா அல்லது வேறு பல்கலைக்கழகமா என்று நேராகக் கேளுங்கள். எனக்குப் பதில் ஒரே நாளில் வந்தது, ஏற்பாட்டின் விவரத்தோடு. மழுப்பலான பதில் வந்திருந்தால் யோசித்திருப்பேன்.

சேர்ந்த பிறகு கொடையாளருக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். மாணவர் பலர் இதை நன்றிச் சடங்காக நினைத்து இரண்டு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். அலுவலகத்தில் பழைய கடிதங்களின் கோப்பைப் பார்க்கக் கேட்டேன், கொடுத்தார்கள். பதினான்கு கடிதங்கள்; பத்தில் பெயரை மாற்றினால் யாருடையது என்று தெரியாது. நான் கல்லூரித் தோட்டத்து உரக்குவியலைப் பற்றி எழுதினேன். சருகு எடை எவ்வளவு, கழிவு எடை எவ்வளவு, எந்த வாரம் சூடேறியது, எந்த வாரம் மழையில் நனைந்து கெட்டது, நனைந்ததை எப்படிக் கிளறி மீட்டோம். அந்த "மீட்டோம்" என்ற இடத்தில் நிறுத்தி, கிளறிய மூவரின் பெயரையும் எழுதினேன்.