கல் சுண்ணாம்பும் பத்தாம் வகுப்பு வேதியியலும்

ஜனவரி 5, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. விடைத்தாள் திருத்தும்போதே மனதை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. மோல் (டஜன் போல, அணு போன்ற துகள்களை எண்ணும் ஓர் அளவு) என்றால் என்ன என்ற கேள்விக்குப் பெரும்பாலான பிள்ளைகள் வரியும் பிசகாமல் எழுதியிருந்தார்கள். 25 கிராம் கால்சியம் கார்பனேட்டில் எத்தனை மோல் என்ற அடுத்த கேள்வியைப் பலர் தொடவே இல்லை. பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் மறுபடியும் வரையறைகளை ஒப்பிக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. பொங்கலுக்கு ஊரெல்லாம் வெள்ளையடிக்கிறார்கள். சரி, அந்தச் சுண்ணாம்பு ஒன்றை வைத்தே தனிமம், சேர்மம், மோல், கரைசல், அமிலம், காரம் எல்லாவற்றையும் திருப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஜனவரி 7, புதன்

கடைத்தெருவில் கல் சுண்ணாம்பு வாங்கி வந்தேன். சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. இரும்பு வாளியில் போட்டேன். அலுமினியப் பாத்திரம் ஆகாது; காரம் அதை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு நானே செய்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். முதலில் கல் சும்மா உறிஞ்சிக்கொண்டது. பிறகு 'சுர்' என்ற சத்தம். கல்லின் முகத்தில் விரிசல் ஓடியது. ஆவி கிளம்பியது. சற்று நேரத்தில் அந்தக் கெட்டிக் கல் பொலபொலவென்று வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிட்டது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. வாளியின் பக்கம் கை கொண்டுபோக முடியாத சூடு. வெப்ப உமிழ் வினையை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "தண்ணி ஊத்துனீங்களே சார், பொடி காஞ்சு கெடக்குதே, தண்ணி எங்க போச்சு?"

இந்த வாரத்தின் அருமையான கேள்வி அது. கொஞ்சம் ஆவியாகப் போனது. மிச்சம் அந்தப் பொடிக்குள்தான் இருக்கிறது, ஆனால் தண்ணீராக இல்லை. ஈர மணலில் உள்ள தண்ணீரை வெயில் எடுத்துவிடும், ஏனென்றால் அது கலவை. இங்கே தண்ணீர் கால்சியம் ஆக்சைடோடு வினைபுரிந்து கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற புதிய சேர்மமாகிவிட்டது. நீற்றுச் சுண்ணாம்பு அதுதான். இரண்டு பொருள் சேர்ந்து ஒன்றானதால் இது கூடுகை வினை. கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்பதாம் வகுப்பில் எழுதிப் போட்டதைவிட இன்று அந்தப் பையனுக்கு நன்றாகவே புரிந்தது.

ஜனவரி 8, வியாழன்

இன்று மோல். கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி, கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று அவள் தாத்தா சொல்வதாகச் சொன்னாள். கணக்கை அங்கேயே ஆரம்பித்தேன். கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். அணு நிறை: கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16. மூன்று ஆக்சிஜனுக்கு 48. மொத்தம் 100. சூளையின் சூட்டில் இது கால்சியம் ஆக்சைடாகவும் (56) கார்பன் டைஆக்சைடாகவும் (44) பிரிகிறது. சிதைவுறுதல் வினை. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் உள்ளே போனால் 56 கிலோதான் வெளியே வரும்; 44 கிலோ புகைபோக்கி வழியாகப் போய்விடும். தாத்தா சொன்னது சரிதான்.

அணுக்களை எண்ண நம்மால் முடியாது, எடை போட முடியும். சில்லறை மூட்டையை எண்ணாமல் நிறுத்தே எத்தனை நாணயம் என்று சொல்வதைப் போலத்தான். 100 கிராம் கால்சியம் கார்பனேட் ஒரு மோல், 56 கிராம் கால்சியம் ஆக்சைடும் ஒரு மோல். எடை வேறு, எண்ணிக்கை ஒன்று: 6.022 × 10²³. 2019 மே 20 முதல் இந்த எண் 6.02214076 × 10²³ என்று துல்லியமாக நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. இதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன், 1909இல். அவகாட்ரோ காலமாகி அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

25 கிராம் கணக்கை மறுபடி கொடுத்தேன். கால் மோல் என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜனவரி 9, வெள்ளி

புதன்கிழமைப் பொடியைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து வடிகட்டினேன்: சுண்ணாம்பு நீர். 20 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 1.7 கிராம் அளவுதான் கரையும், அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கிவிடும். தெவிட்டிய கரைசல். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும், இது குறைவாகக் கரையும். உறிஞ்சு குழாயால் ஊதியதும், மூச்சிலுள்ள கார்பன் டைஆக்சைடால் கால்சியம் கார்பனேட் உண்டாகி, பால் போல் மாறியது. விடாமல் ஊதியபோது மறுபடி தெளிந்தது, கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட் உண்டாவதால். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது இந்த வினை திரும்பி நடப்பதால்தான்.

ஜனவரி 12, திங்கள்

மஞ்சள் நீரில் இரண்டு சொட்டு சுண்ணாம்பு நீர் விட்டதும் சிவந்தது. "ஆரத்தி!" என்று வகுப்பே கத்தியது. ஆமாம், ஆரத்தித் தட்டில் இருப்பது, அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டிச் சோதனைதான். எலுமிச்சைச் சாறு விட்டதும் மஞ்சள் திரும்பியது. அமிலம் காரத்தைச் சமன் செய்துவிட்டது: நடுநிலையாக்கல்.

தனிமம் பற்றி ஒரு பழைய சங்கதியும் சொன்னேன். 1789இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே வெளியிட்ட தனிமப் பட்டியலில் சுண்ணாம்பும் இருந்தது. அது ஆக்சைடாக இருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கே உண்டு, பிரிக்கத்தான் வழியில்லை. 1808இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தால் கால்சியத்தைப் பிரித்தெடுத்தார். பட்டியலே மாறும் என்று தெரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஜனவரி 20, செவ்வாய்

பொங்கல் முடிந்து வந்ததும் வீட்டுச் சுவரையே கணக்காகக் கொடுத்தேன். 5.6 கிலோ சுட்ட சுண்ணாம்பு, அதாவது 100 மோல். 1.8 கிலோ தண்ணீரோடு வினைபுரிந்து 7.4 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசியபின் அது காற்றிலிருந்து மெல்ல 4.4 கிலோ கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொண்டு 10 கிலோ கால்சியம் கார்பனேட்டாகிறது, 1.8 கிலோ தண்ணீர் வெளியேறுகிறது. முழுவதும் மாற நாளாகும். கூட்டிப் பாருங்கள் என்றேன். இரண்டு பக்கமும் 11.8 கிலோ. பொருண்மை அழியா விதியை யாரும் ஒப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் சூளையில் போன வாயு சுவருக்குத் திரும்பிவிட்டதே என்று ஒருவன் சொன்னான். உடனே அந்தக் கடற்கரை மாணவி எழுந்தாள்: "சூளைல எரிக்கிற கரி, சார்? அந்தப் புகையைச் சுவர் எடுத்துக்காதுல்ல?"

எடுத்துக்கொள்ளாது; கல்லிலிருந்து போன அளவுதான் சுவருக்குத் திரும்பும். 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கார்பன் டைஆக்சைடு. நாளைக்கு எரிதல் வினை நடத்துகிறேன், அவள் கேள்வியிலிருந்து தொடங்கி.