கடிதத்தில் 800, கையில் 468

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

சிங்கப்பூர்த் தேக்காவில், தொழிலாளிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க நான் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு இன்று நான்கு பேர் வந்தார்கள். மூவருக்கு வங்கிப் படிவம்தான். நான்காமவர், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து கட்டுமானத்தில் கம்பி கட்டும் தம்பி, பிளாஸ்டிக் உறையிலிருந்து தன் ஐபிஏ கடிதத்தை, அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தை, எடுத்து நீட்டினார். விமானம் ஏறுமுன் தமிழிலேயே கைக்கு வந்த அக்கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று இருக்கிறது. நிறுவனமோ ஒரு நாளைக்கு 18 வெள்ளி என்று கணக்கிட்டு, 26 நாளுக்கு 468 வெள்ளியே கொடுத்து வருகிறது.

"ஓடி நிறைய இருக்குண்ணே, அதனால பேசிக்கைப் பத்தி யாரும் கேக்கறதில்ல" என்றார். அந்த ஓடியும் (ஓவர்டைம் கூலி) பேசிக்கிலிருந்துதான் (அடிப்படைச் சம்பளம்) பிறக்கிறது என்பதை விளக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. மாதச் சம்பளத்தைப் 12ஆல் பெருக்கி, 52 வாரத்தையும் 44 மணி நேரத்தையும் பெருக்கி வந்த 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி கிடைக்கும். அதில் ஒன்றரை மடங்கு ஓடி. 800க்கு அது 6.29 வெள்ளி, 468க்கு 3.68. சட்டம் அனுமதிக்கும் 72 மணி நேர ஓடியை முழுதாகச் செய்த மாதத்தில், இரண்டு வகையிலுமாக அவர் இழப்பது ஏறத்தாழ 520 வெள்ளி. மூன்று முறை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். என் கணக்கின் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

6 ஆகஸ்ட், புதன்

தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். வேலையில் சேர்ந்த வாரத்தில் கையெழுத்து வாங்கிய ஆங்கிலத் தாள். குறைந்த சம்பளத்துக்குச் சம்மதம் என்று அதில் இருக்கிறது. அவர் அதை டார்மிட்டரி (தொழிலாளர் தங்குமிடம்) விதிகள் என்று நினைத்திருக்கிறார். அறிவித்த சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால், தொழிலாளியின் எழுத்துபூர்வச் சம்மதத்தோடு மனிதவள அமைச்சுக்கும் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். அதைச் செய்தார்களா என்பதை நிறுவனம்தான் காட்ட வேண்டும்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

தம்பியின் மாமா மகன் மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறார் என்பதால், இருவருமாகக் கடற்பாலம் கடந்து போனோம். பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; வரிசையில் நின்ற நேரத்தை எழுதாமல் விடுகிறேன்.

அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சிறு கடைகளுக்கும் இம்மாதம் முதல் தேதியிலிருந்து அதுவே சட்டம். மச்சானுக்கு 1,500 கிடைக்கிறது, அதுவும் உறையில் ரொக்கமாக. காலை ஆறரை மணிக்குத் தோசைக்கல்லைத் துடைப்பவர், இரவு ஏழு மணிக்கு அதே கல்லைத் துடைத்துவிட்டுப் படுக்கப் போகிறார். வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற வரம்பை நான் சொன்னபோது, அவர் என்னைக் கிண்டல் செய்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சம்பளச் சீட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. கடப்பிதழ் (பாஸ்போர்ட்) முதலாளியின் இழுப்பறையில் இருக்கிறது. பிறர் கடப்பிதழை அப்படி வைத்துக்கொள்வது அந்நாட்டில் குற்றம்.

சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளமே இல்லை. இருந்தும் தம்பியிடம் எழுதிய எண் ஒன்று இருப்பதால் அதை வைத்து வாதாட முடிகிறது. மச்சானுக்குச் சட்டம் இருக்கிறது, ஆனால் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அன்றன்று வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் காலண்டரில் குறித்து வைக்கும்படி சொல்லிவிட்டு வந்தோம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

புகார் கொடுத்தால் நிறுவனத்தார் வேலை பெர்மிட்டை வெட்டிவிடுவார்களே என்பதுதான் தம்பியின் ஒரே கேள்வி. வெட்டமாட்டார்கள் என்று நான் எப்படிச் சொல்வது? ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் இன்னும் பாதி நிற்கிறது. ஒரு வாரம் யோசிக்கச் சொன்னேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

அவரே வந்து, "போட்டுடலாம்ணே" என்றார். சிமெண்டுக் கறை படிந்த குட்டி டைரியில் 19 மாத வேலை நேரம் நாள் தவறாமல் இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே முறையிடுவதால் கடைசி 12 மாதத்துக்குத்தான் கேட்க முடியும். முதல் ஏழு மாதப் பக்கங்களை ஒதுக்கிவிட்டு மீதியைப் படம் எடுத்தேன். ஒதுக்கிய பக்கங்களையும் அவர் விரலால் நீவி, ரப்பர் பேண்ட் போட்டு, ஐபிஏ கடிதத்தோடு அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.