திராட்சையைத் தின்ற பீர்

பிரஸ்ஸல்ஸ் மிடி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நகரின் பெரிய சதுக்கத்தைத் தேடித்தான் போவார்கள். அந்தப் பக்கம் போகாமல் வேறு திசையில் நடந்தால் கொஞ்ச நேரத்தில் ஆண்டர்லெக்ட் வந்துவிடும். மொராக்கோக்காரர்களின் மளிகைக் கடைகள், பழைய கார் வியாபாரம், நடைபாதையில் அடுக்கிய காய்கறிப் பெட்டிகள். சாக்லேட் கடை பிரஸ்ஸல்ஸின் சாயலே இங்கே கிடையாது. அப்படியொரு தெருவில், வண்டி நுழையும் அகலத்துக்கு ஒரு கதவு. பெயர்ப் பலகையைக் கவனிக்காவிட்டால் ஏதோ கிடங்கு என்று தாண்டிப் போய்விடுவோம். அதுதான் கான்டியோன் மதுவடிப்பகம். 1900இல் பால் கான்டியோன் தொடங்கியது, இன்னும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்த வீட்டு மருமகன் ஜான்-பியர் வான் ரோய் 1978இல் இதையே அருங்காட்சியகமாகவும் திறந்துவிட்டார். இயந்திரங்களை ஓரமாகக் காட்சிக்கு வைத்த அருங்காட்சியகம் இல்லை. நாம் பார்க்கிற பாத்திரத்தில்தான் நாளைக்குக் காய்ச்சுவார்கள்.

நான் போனது ஒயின் திராட்சை போட்டு மரப்பீப்பாயில் ஊறவைத்த பீருக்காக. கூட வந்தவன் லூவனில் ஆராய்ச்சி செய்யும் என் நண்பன். பீர் என்றால் குளிர்ச்சியாக, மஞ்சளாக இருக்க வேண்டும், அதற்கு மேல் யோசிக்கக் கூடாது என்பது அவன் கொள்கை.

இங்கே தயாராவது லாம்பிக். மற்ற பீர்களில் ஈஸ்ட்டை வளர்த்து, அளந்து போடுவார்கள். லாம்பிக்குக்கு யாரும் எதையும் போடுவதில்லை. பனையில் கட்டும் பானைக்குச் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் பொழுது விடிவதற்குள் தானாகக் கள் ஆகிவிடுகிறதே, அதே கதைதான். ஆனால் கள்ளுக்கு ஓர் இரவு போதும், லாம்பிக்குக்கு வருடக்கணக்கு.

கையில் ஒரு சிறு கையேட்டைக் கொடுத்து, நீங்களே சுற்றிப் பாருங்கள் என்று விட்டுவிடுகிறார்கள். கீழே மாவைக் கரைக்கும் தொட்டி. 65 சதவீதம் முளைகட்டிய பார்லி, 35 சதவீதம் முளைகட்டாத கோதுமை. அதற்கு மேல் கொதிகலன்கள். ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவை இரண்டு மூன்று வருடம் பழசாக்கித்தான் போடுகிறார்கள். கசப்பு போய்விடும், கெடாமல் காக்கும் குணம் மட்டும் மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் உச்சியில், ஓட்டுக் கூரைக்கு நேர் கீழே, நான் பார்க்க ஆசைப்பட்ட ஆறவைக்கும் பாத்திரம். அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. செம்புத் தகடுகளால் ஆனது. அகலம் அதிகம், ஆழம் முழங்கால் அளவுக்குக்கூட வராது. சுமார் 7,500 லிட்டர் தானியச் சாறு கொதிக்கக் கொதிக்க இதில் வந்து விழுந்து, ஓர் இரவு முழுக்க ஆறும். கூரையில் காற்றுக்குத் திறப்பு விட்டிருக்கிறார்கள். வெளிக்காற்றில் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அந்த மரச் சட்டங்களில் காலங்காலமாகக் குடியிருப்பவையும் அன்றிரவு இறங்கி வேலையைத் தொடங்கிவிடும். நாங்கள் போன பிப்ரவரி நாளில் காய்ச்சு இல்லை, பாத்திரம் காலி. தகட்டின் மடிப்புகளில் கொஞ்சம் ஈரம் மட்டும் நின்றிருந்தது.

இதைக் குளிர்காலத்தில்தான் செய்ய முடியும். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. இரவு சூடாக இருந்தால் சாறு மெதுவாக ஆறும், வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். 2015 நவம்பரில் குளிரே வராமல் போனதால் இங்கே காய்ச்சுவதையே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை சாறு பீப்பாய்களுக்கு இறங்கும். முதலில் சாதாரண ஈஸ்ட் பொங்கி அடைப்பு வழியே நுரை தள்ளும். மாதங்கள் கழித்து பீடியோகாக்கஸ் என்னும் பாக்டீரியா வந்து புளிக்கவைக்கும். அதற்கும் பிறகு, இந்த ஊரின் பெயரையே தாங்கிய பிரெட்டனோமைசிஸ் புருக்ஸெல்லென்ஸிஸ். மற்ற ஈஸ்ட் தொடாமல் விட்ட கடினமான சர்க்கரையைக்கூட இது பொறுமையாக உட்கார்ந்து தின்று முடிக்கும். ஒயின் தயாரிப்பவர்கள் பலர் இதன் பெயரைக் கேட்டாலே பதறுவார்கள். இங்கே இது வீட்டுப் பிள்ளை.

பீப்பாய்க் கூடத்தில் வரிசை வரிசையாகக் கறுத்த மரம், மூலைக்கு மூலை சிலந்தி வலை. பழத்துக்கும் புளிப்புக்கும் ஈக்கள் வரும். மருந்து அடித்தால் பீருக்குத் தேவையான உயிர்களும் சேர்ந்து செத்துவிடும். அதனால் ஈயைப் பிடிக்கும் பொறுப்பு சிலந்திக்கு. வலையை யாரும் கலைப்பதில்லை.

"எங்கம்மா பார்த்தா ஒட்டடைக் கம்போட உள்ள ஏறிடுவாங்க மச்சான்" என்றான் நண்பன்.

சுற்றி வந்ததும் சுவைக்கத் தருகிறார்கள். முதலில் கலப்பில்லாத லாம்பிக், ஜாடியிலிருந்து ஊற்றியது. நுரை இல்லை, பொங்குதல் இல்லை, செத்த மாதிரி கிடக்கும். வைக்கோலும் எலுமிச்சைத் தோலும் கலந்த வாசனை. அடுத்தது கெஸ்: ஒன்று, இரண்டு, மூன்று வயதுள்ள லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நுரைக்கவிட்டது. இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரைதான் இந்த நுரைக்கு முதல்.

அதற்குப் பிறகு காசு கொடுத்து வாங்கினோம், செயின்ட் லாம்வினஸ். பிரான்ஸின் பொர்தோ வட்டாரத்தின் மெர்லோ, கபெர்னே ஃப்ரான் திராட்சைகளை அறுவடை முடிந்த கையோடு கொண்டுவந்து, வயதான லாம்பிக்கில் மாதக்கணக்கில் ஊறவிடுவது. கண்ணாடிக் கோப்பையில் மங்கிய சிவப்பு, விளிம்பில் ரோஜா நிறம். இளஞ்சிவப்பாக எழுந்த நுரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டது. மூக்கில் செர்ரி, ஈரமான பழைய மரம், அப்புறம் லேசாக மாட்டுக்கொட்டகை. கடைசியாகச் சொன்னதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், லாம்பிக் ரசிகர்கள் அதற்காகவே ஏங்குவார்கள்.

முதல் மடக்கில் புளிப்பு தாடையின் இரண்டு மூலையையும் இழுத்தது. திராட்சை எங்கே என்று நாக்கு தேடிக்கொண்டிருக்கும்போதே துவர்ப்பு வந்து ஈறைப் பிடித்துக்கொண்டது. பழத்தின் இனிப்பு ஒரு சொட்டு இல்லை. திராட்சை உள்ளே விழுந்ததும் ஈஸ்ட்டுக்கு மறுபடி விருந்து. சர்க்கரை அத்தனையும் காலி. நமக்கு மிஞ்சுவது தோலும் கொட்டையும் விட்டுச் சென்ற நிறம், துவர்ப்பு, அமிலம். ஒயினிலும் இதே துவர்ப்பு உண்டு, ஆனால் அங்கே 13 சதவீத ஆல்கஹால் அதை மூடிக்கொண்டிருக்கும். இதில் ஆல்கஹால் அதைவிட நிறையக் குறைவு. ஒயினின் எலும்பு இருக்கிறது, சதை இல்லை. எனக்கு அந்த ஒல்லியான உடம்புதான் பிடித்தது. குளிர் குறையக் குறைய செர்ரி வாசனை மேலே வந்தது. இதை அவசரமாகக் குடித்தால் போட்ட காசு வீண்.

"இதுக்கா லூவன்லேருந்து ரயில் ஏறி வந்தோம்?" என்று முகத்தைச் சுளித்தான் நண்பன். ஆனால் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

அடுத்து வின்யெரோன். இதில் வெள்ளை மஸ்கட் திராட்சை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் எனக்குக் கம்பம் ஞாபகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சையும் மஸ்கட் குடும்பம்தான், மஸ்கட் ஹாம்பர்க் என்கிற ரகம். லினலூல், ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள்தான் இந்தக் குடும்பத்தின் சொத்து. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும், மணத்தை முழுசாக அழிக்காது. அதனால் மூக்கு "பழுத்த திராட்சை" என்கிறது, நாக்கு "எலுமிச்சை" என்கிறது. இரண்டும் கடைசி வரை சமாதானம் ஆகவே இல்லை. சிவப்புக்கு அடம்பிடித்துப் போனவன் நான். பாட்டிலாக வாங்கி வந்தது என்னவோ வெள்ளையைத்தான்.

சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளில் "பழ பீர்" என்று கேட்டால் பெரும்பாலும் இனிப்புச் சேர்த்த, சர்பத் மாதிரியான ஒன்று வரும். அதைக் குடித்துவிட்டு லாம்பிக் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமையைத் தவிர்க்கலாம், நிற்க இடம் கிடைப்பதே கஷ்டம். கொதிகலனிலிருந்து ஆவி கிளம்புவதைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் காய்ச்சும் நாள் எது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். கோடையில் அடுப்பு அணைந்திருக்கும், பாட்டிலில் அடைக்கும் வேலைதான் நடக்கும். கூட வருகிறவர் பீர் என்றால் மஞ்சளாக இருக்க வேண்டும் என்கிற கட்சியாக இருந்தால் வின்யெரோனிலிருந்து தொடங்குங்கள். என் நண்பன் அதில்தான் இரண்டாவது கோப்பை கேட்டான்.