புறாவின் கவனம் எங்கே இருக்கிறது?

ஆய்வகத்தில் புறாக்களோடு வேலை செய்கிறேன். யாராவது சோதனை முடிவைக் கொண்டுவந்து காட்டினால், தீனி எந்தக் கணக்கில் விழுந்தது என்றுதான் முதலில் கேட்பேன். விளக்கின் நிறம், கோட்டின் சாய்வு எல்லாம் அப்புறம்.

ஒரு நிறத்திலோ சாய்விலோ பழக்கிவிட்டு, மற்றவற்றுக்குப் புறா எவ்வளவு கொத்துகிறது என்று பார்க்கும் இந்த வகைச் சோதனைக்கு வழி போட்டது உளவியலாளர்கள் கட்மனும் காலிஷும் 1956இல் வெளியிட்ட ஆய்வு. ஒரே நிறத்தில் ஒளிரும் வட்டைக் கொத்தப் புறாக்களைப் பழக்கினார்கள். தீனி சராசரியாக நிமிடத்துக்கு ஒருமுறை. எந்த நொடியில் என்று பறவையால் கணிக்க முடியாது; இந்த ஏற்பாட்டைத்தான் மாறும் இடைவெளி என்போம். பிறகு தீனியை நிறுத்திவிட்டு வேறு வேறு நிறங்களைக் காட்டினார்கள். பழகிய நிறத்தில் கொத்து உச்சம், அதிலிருந்து விலக விலகச் சரிவு. மாறும் இடைவெளியில் பழகிய பறவை, தீனி நின்ற பிறகும் நெடுநேரம் விடாமல் கொத்தும். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் ஒரே பறவையிடம் இத்தனை நிறங்களைச் சோதிப்பது பெரும்பாடு.

கணக்கை மாற்றினால் கதையே வேறு. ‘ஒருமுறை கொத்திவிட்டுச் சில நொடி சும்மா இரு, அதற்கப்புறம் கொத்தினால்தான் தீனி’ என்ற ஏற்பாட்டை டிஆர்எல் என்போம். அதில் பழகிய புறாவை வேடிக்கை பார்த்துக்கொண்டே இருக்கலாம். கொத்தும்; வட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பும்; மூலை வரை நடக்கும்; தலையை ஆட்டும்; சுவரைக் கொத்தும்; வந்து ஒரே ஒரு கொத்து. வட்டில் என்ன தெரிகிறது என்று அது கவனித்ததா என்றே சந்தேகம் வரும்.

1964இல் ஹெர்ஸ்ட்டும் சகாக்களும் வட்டில் தெரியும் கோட்டின் சாய்வை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். ஒவ்வொரு சாய்வுக்கும் எத்தனை கொத்து என்று வரைந்தால், மாறும் இடைவெளிப் பறவைகளின் வளைவு பழகிய சாய்வில் நன்றாக உயர்ந்து நின்றது. டிஆர்எல் பறவைகளுடையது தட்டையாகக் கிடந்தது. மாறும் இடைவெளியிலேயே கூட, தீனி அரிதாக ஆக வளைவு தட்டையானது. டிஆர்எல்லில் எப்போது கொத்துவது என்பதைப் பறவை தன் உடம்பின் அசைவிலிருந்தும் கடந்த நேரத்திலிருந்தும் பிடித்துக்கொள்கிறது, கோட்டுக்கு அங்கே வேலை குறைவு என்ற விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. கூண்டின் முன் உட்கார்ந்து பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

ஆனால் ஒன்று, டிஆர்எல் பறவை மொத்தத்திலேயே குறைவாகத்தான் கொத்தும். வெறும் எண்ணிக்கையை வரைந்தால் அதன் கோடு தட்டையாகத்தான் தெரியும். மொத்தக் கொத்தில் எத்தனை சதவீதம் என்று போட்டுப் பார்ப்பதே நியாயம்.

அப்படிப் பார்த்தும் தட்டை என்றால், பறவைக்குச் சாய்வு தெரியவில்லை என்று உடனே எழுதிவிடக் கூடாது. செங்குத்துக் கோட்டுக்குத் தீனி உண்டு, சாய்ந்த கோட்டுக்கு இல்லை என்று அதே பறவையைப் பழக்கிப் பார்த்துவிட்டு எழுதலாம்.