பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லொட்ஜ்

ஊர் பார்க்கவென்று வவுனியாவில் வந்து தங்குகிறவர்கள் குறைவு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு அது ரயில் சற்று நேரம் நிற்கும் இடம். மன்னாருக்கோ முல்லைத்தீவுக்கோ போகிறவர்களுக்கு பஸ் மாறும் இடம். ஆனாலும் பஸ் நிலையத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினால் லொட்ஜ் போர்டுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தொங்கும். யாரும் தங்க விரும்பாத ஊருக்கு ஏன் இத்தனை லொட்ஜ்? அதிலும் ஏன் இத்தனை பழசு?

ஒட்டுசுட்டான் பக்கம் ஓர் அலுவலாகப் போகவேண்டி வந்தது. பொழுதுபட்ட நேரத்தில் வவுனியாவில் இறங்கினால் அப்புறம் அந்தப் பக்கம் பஸ் கிடைப்பது அதிர்ஷ்டம். நல்ல ஹோட்டலுக்குக் கொடுக்க மனமில்லை, காசும் இல்லை என்பது வேறு விசயம். ஆகவே இருப்பதிலேயே மலிவாகத் தெரிந்த ஒன்றில் ஏறினேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பிரயோசனமில்லை, பக்கத்தில் இருப்பவையும் ஏறக்குறைய அப்படித்தான்.

கீழே ஒரு போன் திருத்தும் கடை, ஒரு சப்பாத்துக் கடை. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. மேலே போனால் ஒரு மேசை, ஒரு சுவாமிப் படம், ஒரு பழைய குளத்துப் படம். படத்துக்குக் கீழே ‘வவுனிக்குளம்’ என்று எழுதியிருந்தது. வெளியூர்க்காரர் பலர் வவுனியா நகரத்துக் குளம்தான் அது என்று நினைத்துக்கொள்வார்கள். வவுனிக்குளம் இருப்பது துணுக்காய்ப் பக்கம், முல்லைத்தீவு மாவட்டத்தில். அதைச் சொல்லி மேசையில் இருந்தவரோடு கதையைத் தொடங்கலாம் என்று பார்த்தேன்.

“அது எங்களுக்குத் தெரியும் தம்பி. படம் வடிவா இருக்கெண்டு மாட்டினது. தனியவோ?”

“ஓம் அண்ணை.”

“பாத்ரூம் உள்ளுக்கோ, வெளியவோ?”

உள்ளே என்றால் 2,500 ரூபாய், வெளியே என்றால் 1,800. வெளியே என்றேன். ஐசியை, அதாவது அடையாள அட்டையை, வாங்கி வைத்துக்கொண்டு ஒரு தடித்த சீஆர் கொப்பியை என் பக்கம் திருப்பினார். கையால் கோடு கீறிய பத்திகள்: பெயர், ஐசி இலக்கம், முகவரி, வந்த காரணம். எழுதப் பேனை தேடுகிற சாட்டில் மேலே உள்ளவர்களின் காரணங்களைப் படித்தேன். ஆஸ்பத்திரி. கோட். ஆஸ்பத்திரி. சொந்த அலுவல். கச்சேரி (மாவட்டச் செயலகம்). சரிதான் என்று பக்கங்களைப் பின்னால் புரட்டினால், ஒரு காலத்துப் பக்கங்கள் முழுக்க முதல் வரியில் ‘பாஸ்போட்’, அதற்குக் கீழே பக்கம் முடியும்வரை ‘மேற்படி’ அடையாளம் மட்டும். யாழ்ப்பாணம், சாவகச்சேரி, பருத்தித்துறை, கிளிநொச்சி, மல்லாவி, மடு. வட மாகாணத்தின் ஊர்ப் பட்டியல் போல அந்த முகவரிப் பத்தி இருந்தது.

விசயம் இதுதான். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கிளை வவுனியாவில் இருக்கிறது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்து, பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசை நின்ற சனம், பிறகு நாட்டை விட்டுப் போவதற்கும் வரிசை நின்றது. வடக்கில் வேறு கிளை அப்போது இல்லை. விடிய வந்தால் இடம் கிடைக்காது என்று முதல் நாளே வந்து வீதியோரம் படுத்தவர்கள் உண்டு. கைக்குழந்தையோடு வந்தவர்கள் லொட்ஜ் தேடினார்கள்.

“மொட்டை மாடியிலயும் பாய் போட்டுக் குடுத்தனாங்கள். வேண்டாம் எண்டாலும் சனம் கேக்கேல்லை,” என்றார் மேசையில் இருந்தவர். “இப்ப யாழ்ப்பாணத்திலயே ஒப்பிஸ் திறந்திட்டாங்கள். சனத்துக்கு நல்லது.” எங்களுக்கு என்ன என்று அவர் சொல்லவில்லை. யாழ்ப்பாணக் கிளை 2025 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. கொப்பியின் பக்கங்கள் மெலியத் தொடங்குவதும் அங்கேதான்.

திறப்பைத் தந்தார். மரக்கட்டையில் கட்டிய திறப்பு, கதவில் ஓர் ஆமைப்பூட்டு. (பூட்டை அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தொங்கவிட்டால் யாராவது விளையாட்டுக்குப் பூட்டிவிட்டுப் போவார்களாம். சொன்னவர் அவர்தான்.)

அறையைப் பற்றி நல்லதாகச் சொல்ல முயல்கிறேன். பெட்சீட் தோய்த்திருந்தது. மற்றபடி, ஒரு கட்டிலுக்கு அளவான அறையில் மூன்று கட்டில்கள். ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கால் வைத்துத்தான் யன்னலுக்குப் போகலாம். யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். இரண்டு அறைகளைப் பிரிப்பது ஒரு பிளைவுட் பலகை, அதுவும் கூரைவரை போகவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி, அதில் கம்பி வலை. அந்த இடைவெளியில் ஒரு குழல் பல்ப், இரண்டு அறைக்கும் பொதுவாக. சுவிட்ச் என் பக்கம் இல்லை.

சுவர்களைப் பார்த்தபோதுதான் என் பழைய கேள்விக்குப் பதில் தெரியத் தொடங்கியது. நெஞ்சு உயரத்தில் சுவர் நெடுக ஆணிகள். ஒருவர் சேட் கொழுவ ஓர் ஆணி போதும், மூன்று கட்டிலுக்கு ஆறு போதும். இங்கே ஒரு சாண் இடைவெளிகூட விடாமல் நாலு சுவரிலும் அடித்திருந்தார்கள். ஆணிகளுக்கு மேலாலேயே பலமுறை பெயின்ட் அடித்ததில் அவை பச்சையும் மஞ்சளுமாய்த் தடித்துப்போயிருந்தன. கதவுக்குப் பக்கத்தில் பேனையால் எழுதிய தொலைபேசி இலக்கங்கள், பாதி பெயின்டுக்குள்.

பக்கத்து அறையில் நெடுங்கேணிக்காரர் ஒருவர் இருந்தார். காணி வழக்குக்காக வந்தவர், எழுபதைத் தாண்டியவர். பலகைக்கு மேலாலேயே கதைத்தோம், முகம் பார்த்தது பிறகுதான். பல்ப்பை அணைக்கட்டுமா என்று கேட்டவர், நான் ஆணிகளைப் பற்றிக் கேட்டதும் அணைக்காமலே விட்டுவிட்டார்.

“அது பாஸ் காலத்து ஆணியள் தம்பி. ஒரு ரூமில எட்டுப் பேர், பத்துப் பேர். எல்லாற்றை பையும் தொங்கவேணுமே.”

இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1990க்குப் பிறகு ரயில் வவுனியாவோடு நின்றுபோனது. அதற்கு வடக்கே புலிகளின் கட்டுப்பாடு, தெற்கே அரசாங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் தாண்டி, வன்னிக் காட்டு வழிகளில் சைக்கிளும் டிராக்டருமாய் வந்து, தாண்டிக்குளத்தில் சோதனை முடித்து வவுனியாவுக்குள் நுழைவார்கள். நுழைந்துவிட்டால் கொழும்புக்குப் போகலாம் என்றில்லை. அதற்கு பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். வவுனியாவில் தங்கவும் பாஸ் வேண்டும். பல வகைப் பாஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம். ஊரில் பிணை நிற்க ஓர் ஆளும் தேவை. ஆள் அகப்படாதவர்கள் முகாமில் இருந்தார்கள், கையில் கொஞ்சம் காசு இருந்தவர்கள் லொட்ஜில் இருந்தார்கள். பக்கத்து அறை ஐயா தன் மகனை வெளிநாடு அனுப்பக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனபோது இப்படி ஒரு லொட்ஜில் கிடந்தவர். “இதுவோ, பக்கத்திலயோ ஞாபகமில்லை. எல்லாம் ஒரே மணம்.”

இரவில் பொலிஸ், ஆமி வந்து கொப்பியையும் ஆட்களையும் ஒப்பிட்டுப் பார்க்குமாம். கொப்பியில் இல்லாத தலை அறையில் இருந்தால் தலைக்கும் கரைச்சல், லொட்ஜ்காரருக்கும் கரைச்சல். ‘வந்த காரணம்’ என்ற பத்தி இன்னும் அந்தக் கொப்பியில் இருப்பது அந்தப் பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன். கொழும்பில் எந்த ஹோட்டலிலும் நான் ஏன் வந்தேன் என்று யாரும் கேட்டதில்லை.

2002 போர்நிறுத்தத்தோடு யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. போர் முடிந்த 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை அடைத்து வைத்தபோது, சொந்தக்காரரைத் தேடி யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவர்கள் இந்த லொட்ஜ்களை நிரப்பினார்கள். 2012இல் முகாம் மூடியது. அப்புறம் பாஸ்போட். ஆக இந்த ஊர் லொட்ஜ்கள் பயணிகளை நம்பிக் கட்டப்பட்டவையே அல்ல. ஏதோ ஓர் ஒப்பிஸ் வாசலில் காத்திருக்கச் சொல்லப்பட்ட சனத்தை நம்பி நடந்தவை. போக்கிடம் இல்லாதவனிடம் யன்னலின் அழகைக் காட்டத் தேவையில்லை. அதனால் ஒருவரும் காட்டவில்லை.

சரி, இரவுக்கு வருவோம். நுளம்பு வலை இருந்தது. ஓட்டைகளைத் தைப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு ஓட்டையையும் பிடித்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். கைக்குழந்தைக்குக் குடுமி கட்டியது மாதிரி வலை முழுக்கக் குட்டிக் குட்டி முடிச்சுகள். அசிங்கம்தான், ஆனால் வேலை செய்தது. ஒரு நுளம்பும் உள்ளே வரவில்லை. வன்னி என்றாலே மலேரியாக் காய்ச்சல் என்று எங்கள் தாத்தா காலத்தில் பெண் கொடுக்கப் பயந்தார்கள். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012இல்; 2016இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றது என்று அறிவித்தது. இப்போது பயம் டெங்குவுக்கு. டெங்கு நுளம்பு கடிப்பது பகலில் என்பதால் வலை அதற்கு உதவாது என்று ஐயா பலகைக்கு மேலால் விளக்கம் சொன்னார். அவரும் தூங்கவில்லை, மற்ற யாரையும் தூங்கவிடவுமில்லை. ஃபான் ஒரே வேகத்தில்தான் சுற்றியது. அது நின்றபோது கரண்ட் போய்விட்டது என்று எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் ‘ச்சே’ கேட்டது.

விடிய நாலு மணிக்குப் பிறகு தூக்கத்தை மறந்துவிடலாம். முதல் பஸ்கள் கிளம்புமுன் நடத்துனர்கள் ஊர்ப் பெயர்களைக் கத்தத் தொடங்கிவிடுவார்கள். வீதிப் பக்க அறை எடுத்தவர்கள் பாவம்.

பொதுக் குளியலறையில் ஒரு நீலப் பீப்பா, ஒரு வாளி, ஒரு பைப். பைப்பின் வாயில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படிந்து, தண்ணீர் நேராக விழாமல் இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் பீய்ச்சியது. சவர்க்காரம் எவ்வளவு தேய்த்தாலும் நுரை வரவில்லை. இந்தப் பக்கத்து நிலத்தடி நீர் அப்படி. குளிக்கக் குற்றமில்லை, குடிக்க ஆட்கள் யோசிக்கிறார்கள். வவுனியா மாவட்டத்து விவசாயக் கிராமங்களிலும் சிறுநீரக நோய் இருப்பதால், சுத்திகரித்த தண்ணீரை கான்களில் வாங்குவது இங்கே வழக்கமாகிவிட்டது. லொட்ஜ் மேசையில் இருந்த மின்கேத்தலுக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் முட்டைக்கோது போல ஒரு தகடு. தேத்தண்ணிக்கு வெளியே போனேன்.

வவுனியாவில் மனசாரப் பாராட்டக்கூடியது காலைச் சாப்பாடு. மாவட்டத்தில் உழுந்து நிறைய விளைகிறது, தோசையிலும் வடையிலும் அது தெரியும். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடையில் உழுந்து வடை எண்ணெயிலிருந்து வந்த சூட்டோடு பேப்பரில் விழுந்தது. விரலால் உடைத்தால் ஓரம் நொறுங்கி, உள்ளே வெள்ளைவெளேரென்று பஞ்சாய் ஆவி பறந்தது. கூட ஒரு கட்டைச் சம்பல், உறைப்புக் கொஞ்சம் கூட. பக்கத்து மேசையில் தமிழும் சிங்களமும் கலந்து ஒரு மரக்கறி லொறிக்கான பேரம். கல்லாவில் இருந்தவர் இரண்டு மொழியிலும் ஒரே சுருதியில் கணக்குச் சொன்னார்.

ஐயாவும் வந்து சேர்ந்தார். பகல் வெளிச்சத்தில் எதிர்பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். வழக்கு மறுபடி தவணை போகும் என்று அவருக்கே தெரியும், ஆனாலும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட். பிளேன்டீக்கு நான் காசு கொடுக்கப் போக, “விடும், வழக்குச் செலவில எழுதுறன்,” என்றார்.

என் பஸ் புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி வழியாகப் போனது. வழியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காடு, வயல், சோதனைச்சாவடி இருந்த இடங்களில் இப்போது கச்சான் கடை. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடு இருக்கிறது. 1803 ஒக்டோபர் 31 அன்று வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக வெள்ளைக்காரன் கல் நட்ட இடம். தோற்ற மன்னனுக்கு வவுனியாவில் பெரிய சிலை நிற்கிறது, வென்ற கப்டனின் பெயரைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இதே லொட்ஜில் மறுபடி தங்குவேனா என்றால், தனியாக என்றால் தங்குவேன். பின்பக்க அறை கேளுங்கள், கீழ்த் தளம் கிடைத்தால் எடுங்கள். மேல் தளத்தில் கூரையின் சூடு விடியும்வரை இறங்காது. சொந்தமாக ஒரு பெட்சீட்டும் ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுபோங்கள். டோர்ச் இருந்தால் நல்லது. அம்மாவையோ பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். பஸ் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, குருமண்காடு, வைரவபுளியங்குளம் பக்கங்களில் விசாரித்துப் பாருங்கள். காசு இரண்டு மடங்கு போகும், சுவிட்ச் உங்கள் பக்கம் இருக்கும்.