எஸ்பிஐஆர்: எழுதுகிற பக்கமும் படிக்கிற பக்கமும்

அமெரிக்காவில் சின்ன நிறுவனத்தில் ஆராய்ச்சி வேலை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் எஸ்பிஐஆர் தெரியும். சிறு நிறுவனங்களின் புதுமை ஆராய்ச்சிக்கு அரசு கொடுக்கும் பணம் அது. 1970களின் பின்பாதியில் தேசிய அறிவியல் அறக்கட்டளையில், அதாவது என்எஸ்எஃப்பில், ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரியின் முயற்சியில் சிறிதாகத் தொடங்கியது. 1982இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைச் சட்டமாக்கி மற்ற துறைகளுக்கும் விரித்தது. வெளியாட்களின் ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவிடும் துறைகள், அதில் 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். இந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டாம், நிறுவனத்தில் பங்கும் கொடுக்க வேண்டாம். கைபேசிச் சில்லுகளுக்குப் பேர்போன குவால்காம், யாருக்கும் தெரியாத நிறுவனமாக இருந்த 1980களில் வாங்கிய பணம் இது.

மருத்துவ உணரிகள், அதாவது சென்சார்கள் செய்கிற ஒரு சிறு நிறுவனத்தில் பல வருடங்களாக இந்த விண்ணப்பங்களை எழுதி வருகிறேன். இடையில் என்ஐஹெச், அதாவது தேசிய சுகாதார நிறுவனங்களின் மதிப்பீட்டுக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். குழுவில் பேசியது ரகசியம், அதனால் எந்த விண்ணப்பத்தைப் பற்றியும் இங்கே சொல்ல முடியாது. ஆனால் நடைமுறை ஒளிவுமறைவு இல்லாதது. அது தெரியாமல் நல்ல விண்ணப்பங்கள் வீணாவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

முதலில், அறிவியலைப் பார்ப்பதற்கு முன்பே தகுதியில் அடிபடுகிறவர்கள். நிறுவனத்தில் 500 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பாதிக்கு மேற்பட்ட பங்கு அமெரிக்கக் குடிமக்களிடமோ கிரீன் கார்டு வைத்திருப்பவர்களிடமோ இருக்க வேண்டும். ஹெச்1பி விசாவில் இருக்கும் நம் ஆட்கள் பலர் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். ஆய்வை நடத்துகிறவருக்குக் குடியுரிமை தேவையில்லை, சட்டப்படி வேலை செய்யும் உரிமை போதும். உரிமையாளருக்குத்தான் அந்த விதி. அப்புறம், எஸ்பிஐஆரில் முதன்மை ஆய்வாளரின் முக்கிய வேலை அந்தச் சிறு நிறுவனத்தில்தான் இருக்க வேண்டும். பல்கலைக்கழக வேலையை விட மனமில்லாத பேராசிரியர்கள் எஸ்டிடிஆர் என்ற இன்னொரு திட்டத்துக்குப் போகலாம். அதில் வேலையில் குறைந்தது 40 சதவீதத்தை நிறுவனமும் 30 சதவீதத்தை ஆராய்ச்சி நிலையமும் செய்தாக வேண்டும். அரசுத் தளங்களில் நிறுவனத்தைப் பதிவு செய்யவே வாரக்கணக்கில் ஆகும். கடைசி வாரத்தில் தொடங்கினால் வேலைக்கு ஆகாது.

சரி, தகுதி எல்லாம் இருக்கிறது. துறை எதற்குப் பணம் கொடுக்கிறது? இங்கேதான் பெரும்பாலோர் தடம் மாறுகிறார்கள். முதல் கட்டப் பணம் பொருளைச் செய்து முடிப்பதற்கு அல்ல. இந்த யோசனை நடக்குமா நடக்காதா என்ற ஒரே கேள்விக்கு ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ விடை சொல்வதற்கு. விடை 'நடக்கும்' என்றால் பெரிய தொகையோடு இரண்டாம் கட்டம். மூன்றாம் கட்டத்தில் எஸ்பிஐஆர் பணம் கிடையாது, சந்தையிலோ அரசின் மற்ற நிதியிலோதான் தேட வேண்டும். என்எஸ்எஃப் இதில் மிகக் கறார். முழு விண்ணப்பத்துக்கு முன்னால் சில பக்கங்களில் ஒரு சுருக்கம் கேட்கிறார்கள். தொழில்நுட்பத்தில் என்ன புதுசு, எங்கே தோற்கக்கூடும், யார் வாங்குவார்கள், யார் செய்யப் போகிறார்கள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். படித்துப் பார்த்து அழைத்தால்தான் முழு விண்ணப்பம் போட முடியும். ஏற்கெனவே வேலை செய்கிற கருவியைக் கொஞ்சம் மெருகேற்றப் பணம் கேட்டால் அங்கேயே கதவை மூடிவிடுவார்கள். தோற்க வாய்ப்பே இல்லாத ஆராய்ச்சிக்கு வரிப்பணம் எதற்கு என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தோலுக்கு அடியில் வைக்கும் உணரிக்குப் புதுப் பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'உணரியின் நிலைத்தன்மையை மேம்படுத்துவோம்' என்று எழுதினால் அதில் மதிப்பிட ஒன்றுமே இல்லை. அதையே இப்படி எழுதலாம்: '37 டிகிரி வெப்பத்தில் உப்புக் கரைசலில் 7 நாள் வைத்த பிறகு, 10 உணரிகளில் குறைந்தது 8இல் அளவீடு 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் இந்தப் பூச்சைக் கைவிட்டு இரண்டாவது பூச்சுக்குப் போவோம்.' இப்போது படிக்கிறவர் கையில் பிடிக்க ஏதோ இருக்கிறது. 7 நாள் போதுமா, உப்புக் கரைசலுக்குப் பதில் ரத்தச் சீரத்தில் செய்ய வேண்டாமா, 15 சதவீதம் என்ற எண் எந்த மருத்துவரின் தேவையிலிருந்து வந்தது என்று அவர் கேட்கலாம். அந்தக் கேள்விகள் எழுவதே நல்லதுதான். எதிர்பார்த்து அடுத்த பத்தியிலேயே பதில் வைத்திருந்தால் அவர் நம் பக்கம் வந்துவிடுவார்.

படிக்கிற பக்கத்துக்கு வருவோம். என்ஐஹெச்சில் ஒரு விண்ணப்பத்தை முழுசாகப் படிக்கும் பொறுப்பு பெரும்பாலும் மூன்று பேருக்குத்தான். முக்கியத்துவம், ஆய்வாளர்கள், புதுமை, அணுகுமுறை, சூழல் என்று ஐந்து தலைப்புகளில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போடுவார்கள். ஒன்றுதான் சிறந்தது. மொத்தத் தாக்கத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. மூவரும் முன்கூட்டியே போட்டு அனுப்பிய மதிப்பெண்களை வைத்து வரிசைப்படுத்தி, கீழ்ப்பாதியில் வருபவற்றைப் பெரும்பாலும் கூட்டத்தில் எடுப்பதே இல்லை. எழுதிய கருத்து மட்டும் விண்ணப்பதாரருக்குப் போகும்.

மேல்பாதியில் வந்த விண்ணப்பத்தின் பெயரைத் தலைவர் வாசித்ததும், அந்த நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள் வெளியே போய்விட வேண்டும். மூவரும் தங்கள் மதிப்பெண்ணைச் சொல்வார்கள். பிறகு மூவரில் முதலாமவர், ஆய்வு என்ன, எங்கே வலு, எங்கே ஓட்டை என்று சில நிமிடங்களில் சொல்வார். மற்ற இருவரும் விட்டதைச் சேர்ப்பார்கள். பிறகு பொது விவாதம். முடிந்ததும் மூவரும் மதிப்பெண்ணைத் திரும்பச் சொல்ல, அறையில் உள்ள அத்தனை பேரும் வாக்களிப்பார்கள். எல்லோர் மதிப்பெண்ணின் சராசரியைப் பத்தால் பெருக்கினால் வருவதுதான் விண்ணப்பத்தின் மதிப்பெண். மூவர் தவிர மற்றவர்கள் முதல் பக்கத்துக் குறிக்கோள்களைத் தாண்டிப் பெரிதாகப் போயிருக்க மாட்டார்கள். ஆக, நம் விண்ணப்பத்துக்காக அந்த அறையில் வாதாடப் போவது, நாம் யாரென்றே தெரியாத ஒருவர். நாம் பக்கத்தில் இல்லாதபோது அவர் சொல்ல வேண்டிய நாலு வாக்கியங்களை நாமே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். முதல் கட்ட விண்ணப்பத்தின் ஆய்வுத் திட்டத்துக்கு ஆறே பக்கம். அதில் இரண்டரைப் பக்கம் நோயின் வரலாற்றுக்கே போய்விட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?

இந்த முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. குழுவில் பேராசிரியர்கள் அதிகம். சொந்தக் கட்டடமும் மாணவர் பட்டாளமும் உள்ள ஆய்வகம்தான் அவர்கள் மனதில் இருக்கும் அளவுகோல். வாடகை மேசையில் நான்கு பேர் செய்யும் வேலையை அதே கோலால் அளந்தால், 'சூழல்' என்ற தலைப்பில் சின்ன நிறுவனம் அடிவாங்கத்தான் செய்யும். சிறுதொழில் குழுக்களில் தொழில் அனுபவம் உள்ளவர்களையும் சேர்க்கிறார்கள். இன்னும் அதிகம் பேரைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நல்ல மதிப்பெண் வந்தாலும் பணம் வந்ததாக அர்த்தமில்லை. குழுவின் வேலை பரிந்துரை மட்டுமே. அதன் மேல் ஆலோசனைக் குழு இருக்கிறது, பிறகு என்ஐஹெச்சுக்குள் பணம் கொடுக்கும் அந்தந்தப் பிரிவின் முன்னுரிமையும் கையிருப்பும் இருக்கின்றன. அந்தப் பிரிவில் இத்திட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் திட்ட அலுவலரின் குரலுக்கு இங்கே மதிப்பு அதிகம். அவரோடு முன்பே பேசலாம், பேசவும் வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் அதிகாரியைக் கூப்பிடுவது சிபாரிசு தேடுவதாகத் தோன்றும். இங்கே அது அவர் வேலையின் ஒரு பகுதி. ஒரு பக்கக் குறிக்கோளை அனுப்பினால், இது எங்களுக்கு வேண்டியதா இல்லையா என்று நேரடியாகவே சொல்லிவிடுவார்.

பாதுகாப்புத் துறையில் கதை வேறு. தலைப்பை அவர்களே கொடுப்பார்கள். அறிவிப்பு வெளிவந்து விண்ணப்பம் திறக்கும் வரையுள்ள சில வாரங்களில் தலைப்பை எழுதியவரிடமே பேசலாம். திறந்த பிறகு எல்லோரும் பார்க்கும்படி தளத்தில்தான் கேள்வி கேட்க முடியும். அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டவர் பாதி இருட்டில்தான் எழுதுகிறார்.

கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவர் இங்கே காயம் ஆற்றும் கட்டுத்துணி ஒன்றை உருவாக்கி வருகிறார். விண்ணப்பம் விவாதத்துக்கே வரவில்லை என்று தெரிந்த அன்று என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, ரெண்டாவது ரிவ்யூவர் படிக்கவே இல்லண்ணா. கிருமிச் சோதனை எங்கேன்னு கேக்குறார், அஞ்சாம் பக்கத்துல இருக்கே!" வாங்கிப் பார்த்தேன். இருந்தது. ஒரு படத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில், மூன்றாவது வரியில். அந்தக் கட்டுத்துணி வேலை செய்யும் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே வலுவான சான்று அதுதான். அவரிடம் அதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. விண்ணப்பம் போட்டதிலிருந்து சம்பளம் எடுக்காமல் காத்திருந்தவர். போட்ட நாளிலிருந்து பணம் வர ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும் என்பதால், ஒருமுறை தவறினால் ஏறக்குறைய ஒரு வருடம் போய்விடும். இரண்டு மூன்று பேர் உள்ள நிறுவனத்துக்கு அது கதவைச் சாத்துகிற அளவு நீளமான காலம்.

மறுமுறை போட என்ஐஹெச் அனுமதிக்கிறது. முந்தைய விமர்சனங்களுக்குப் பதில் சொல்ல ஒரு பக்கம் தனியாகத் தருவார்கள். மதிப்பீட்டாளர் தவறவிட்டார் என்று அந்தப் பக்கத்தில் வாதாட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். கிருமிச் சோதனை முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. விண்ணப்பம் விவாதத்துக்கு வராவிட்டாலும் கருத்துகள் எழுத்தில் கிடைத்திருந்தன. மூன்றாமவர் கேட்டிருந்த கேள்வி உண்மையிலேயே நல்ல கேள்வி: ஈரமான காயத்தில் துணி எத்தனை மணி நேரம் ஒட்டி நிற்கும்? அதற்கு அவரிடம் பதில் இல்லை. அடுத்த கெடு ஏப்ரல் 5. பன்றித் தோலில் அந்தச் சோதனையைச் செய்து தர ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தோடு இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்.